சாரிசார்டா, கியாரடோஸா, டிராகோனைட்டா? காவிரி டெல்டாவில் எதை வளர்ப்பது?

கையிருப்பில் இருக்கும் ஸ்டார்டஸ்ட் (போக்கிமானின் வலுவைக் கூட்டச் செலவழிக்கும் தூள்) ஒரே ஒரு போக்கிமானை உருப்படியாக வளர்க்கத்தான் போதும். எதை வளர்ப்பது? வெளியே நடந்து போக்கிமான் என்னும் கற்பனை உயிரிகளைப் பிடிக்கும் கைபேசி விளையாட்டான போக்கிமான் கோவை விளையாடும் நம் பக்கத்துப் பிள்ளைகள் கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறை என்று எங்கே பார்த்தாலும் இதைத்தான் கேட்கிறார்கள். கேட்கும்போதே பாதிப் பேரின் மனதில் சாரிசார்ட் உட்கார்ந்திருக்கும். வாலில் தீ, விரிந்த இறக்கை, வாயைத் திறந்தால் நெருப்பு. யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் அதே கனவை நிறைவேற்ற வேறு இரண்டு பேரும் வரிசையில் நிற்கிறார்கள்: கியாரடோஸ், டிராகோனைட்.

மூன்றும் பார்வைக்கு டிராகன்கள். வகைப்படி பார்த்தால் டிராகோனைட் மட்டும்தான் டிராகன். சாரிசார்ட் நெருப்பும் பறத்தலும் சேர்ந்தது. கியாரடோஸ் நீரும் பறத்தலும் சேர்ந்தது. ஆனாலும் இந்த மூன்றையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பதில் தவறில்லை. மூல விளையாட்டுத் தொடரில் மூன்றுமே டிராகன் முட்டைக் குழு என்னும் இனப்பெருக்கப் பிரிவைச் சேர்ந்தவை. 1999இல் வந்த கோல்டு, சில்வர் விளையாட்டுகளில் டிராகன் வித்தகராக வரும் சாம்பியன் லான்ஸ், தன் அணியில் இந்த மூன்றையும் வைத்திருப்பார்.

இணையத்தில் கிடைக்கும் தரவரிசைப் பட்டியல்கள் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஆடுபவர்களுக்கும் சேர்த்துத் தயாரானவை. கூப்பிட்டால் இருபது பேர் ரெய்டுக்கு (பலர் சேர்ந்து ஒரு வலுவான போக்கிமானை வீழ்த்தும் சண்டைக்கு) வரும் ஊருக்கும், பாபநாசம் பக்கத்துக் கிராமத்துக்கும் விடை ஒன்றாக இருக்க முடியாது. எனவே முதலில் அளவுகோல்கள்.

எதை வைத்து அளப்பது

முதலாவது, நடை. பரிணாமத்துக்கு (அடுத்த வடிவமாக மாறுவதற்கு) வேண்டிய கேண்டி என்னும் மிட்டாயை அந்தப் போக்கிமான்களைப் பிடித்தும் சேர்க்கலாம், துணைப் போக்கிமானாக வைத்துக்கொண்டு நடந்தும் சேர்க்கலாம். நகரத்தில் பிடித்தே சேர்த்துவிடுவார்கள். போக்கிஸ்டாப்புகள் (விளையாட்டுப் பொருட்கள் கிடைக்கும் இடங்கள்) கோயிலையும் சிலையையும் பூங்காவையும் ஒட்டியே அமைவதால், இரண்டு ஊர்களுக்கு நடுவே வயல்வெளியாகக் கிடக்கும் நம் பகுதியில் நடைதான் உறுதியான வழி. பஸ்ஸில் போகும் தூரம் கணக்கில் ஏறாது.

இரண்டாவது, வளர்க்கும் செலவு. மூன்றாவது, உடன் விளையாட எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது. நான்காவது, வானிலை. இந்த விளையாட்டில் வெளியே அடிக்கும் வெயிலும் பெய்யும் மழையும் திரைக்குள்ளும் வரும். வானிலைக்குப் பொருந்திய வகைத் தாக்குதல்களுக்கு 20 சதவீதம் கூடுதல் வலு. ஐந்தாவது, இரட்டைப் பலவீனம். ஒரு வகையிடம் பலவீனம் என்றால் அடி 1.6 மடங்கு, தன் இரண்டு வகைகளுமே அதற்குப் பலவீனம் என்றால் 2.56 மடங்கு. இந்த மூன்றுக்குமே அப்படி ஓர் ஓட்டை இருக்கிறது, மூன்றுக்கும் வெவ்வேறு இடத்தில்.

| | சாரிசார்ட் | கியாரடோஸ் | டிராகோனைட் |
|---|---|---|---|
| வகை | நெருப்பு, பறத்தல் | நீர், பறத்தல் | டிராகன், பறத்தல் |
| பரிணாமக் கேண்டி | 25 + 100 | 400 | 25 + 100 |
| ஒரு கேண்டிக்கு நடை | 3 கி.மீ. | 1 கி.மீ. | 5 கி.மீ. |
| இரண்டாம் தாக்குதலைத் திறக்க | 10,000 ஸ்டார்டஸ்ட், 25 கேண்டி | 10,000 ஸ்டார்டஸ்ட், 25 கேண்டி | 75,000 ஸ்டார்டஸ்ட், 75 கேண்டி |
| தாக்குதல் திறன் | 223 | 237 | 263 |
| தற்காப்புத் திறன் | 173 | 186 | 198 |
| இரட்டைப் பலவீனம் | பாறை | மின்சாரம் | பனி |
| கைகொடுக்கும் வானிலை | வெயில் | மழை | காற்று |
| பலவீனத்தைப் பெரிதாக்கும் வானிலை | அரைகுறை மேகம் | மழை | பனிப்பொழிவு |

அட்டவணையில் தெரியாத கணக்கு ஒன்று உண்டு. 20ஆம் நிலையில் பிடித்த ஒன்றை 30ஆம் நிலைக்கு ஏற்ற, எந்தப் போக்கிமானாக இருந்தாலும் 75,000 ஸ்டார்டஸ்டும் 66 கேண்டியும் ஆகும். பரிணாமம், நிலை உயர்வு, இரண்டாம் தாக்குதல் மூன்றையும் சேர்த்தால் சாரிசார்டுக்கு 216 கேண்டி, கியாரடோஸுக்கு 491, டிராகோனைட்டுக்கு 266. இவ்வளவையும் நடந்தே சேர்ப்பதாக வைத்துக்கொண்டால் சாரிசார்டுக்கு 648 கிலோமீட்டர், கியாரடோஸுக்கு 491, டிராகோனைட்டுக்கு 1,330. தலைக்காவிரியிலிருந்து பூம்புகார் வரை காவிரி ஓடும் தூரமே சுமார் 800 கிலோமீட்டர்தான். 400 கேண்டி என்ற எண்ணைப் பார்த்து மிரண்டு, கியாரடோஸாகப் பரிணமிக்கும் மேஜிகார்ப் மீனை ஒதுக்குபவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும். நடையில் மிகவும் மலிவானது அதுதான்.

சாரிசார்ட்

சாதாரண சாரிசார்ட் மூன்றில் வலுக் குறைந்தது. இதைச் சொன்னால் பலருக்கு வருத்தமாக இருக்கும், ஆனால் எண்கள் அப்படித்தான் இருக்கின்றன. டிராகோனைட்டைவிடத் தாக்குதல் திறனில் 40 குறைவு. அதை வளர்ப்பதற்கான உண்மையான காரணம் மெகா பரிணாமம், அதாவது சிறிது நேரத்துக்கு மட்டும் கூடுதல் வலுவான வடிவம் எடுப்பது. 2020 ஆகஸ்டில் மெகா பரிணாமம் இந்த விளையாட்டுக்குள் வந்தபோது முதலில் வந்தவற்றில் சாரிசார்டின் இரண்டு மெகா வடிவங்களும் இருந்தன. மெகா ஒய் வடிவத்தின் தாக்குதல் திறன் 319. மெகா எக்ஸ் வடிவத்துக்கு 273.

எண்ணிக்கையைப் பார்த்தால் ஒய்தான் என்று தோன்றும். ரெய்டுக்கு அதுதான் சரி. செடி, பூச்சி, எஃகு, பனி வகைகளை எதிர்க்கும்போது ஃபயர் ஸ்பின், பிளாஸ்ட் பர்ன் என்ற நெருப்புத் தாக்குதல் இணையோடு ஒய் இறங்கினால் மெட்டாகிராஸ், ஜெனசெக்ட் போன்றவை வேகமாகச் சாயும். அதைவிடப் பெரிய பயன், கூட ஆடுபவர்களுக்குக் கிடைப்பது. மெகா களத்தில் நிற்கும்வரை மற்றவர்களின் தாக்குதலுக்கு 10 சதவீதம் கூடுதல்; அவர்களும் நெருப்புத் தாக்குதலையே பயன்படுத்தினால் 30 சதவீதம். நான்கு பேர் மட்டும் கூடும் ஊரில் இந்த 30 சதவீதம்தான் வெற்றிக்கும் தோல்விக்கும் நடுவே நிற்கும். ஆளுக்கொரு மெகா வேண்டியதில்லை. குழுவில் ஒருவரிடம் நல்ல ஒய் இருந்தால் போதும்.

எக்ஸ் வடிவத்தைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். அது நெருப்பும் டிராகனும் ஆனது. பறத்தல் வகை விலகிவிடுவதால் பாறையிடம் இருந்த இரட்டைப் பலவீனமும் போய்விடும். நெருப்பு வகைக்கு எப்போதும் தொல்லையான நீர்த் தாக்குதலும் அதன்மீது சாதாரண அடியாகத்தான் விழும். இன்னொரு பயனும் உண்டு. மெகா வடிவத்தில் ஒரு போக்கிமான் இருக்கும்போது அதன் வகைகளைச் சேர்ந்தவற்றைப் பிடித்தால் கூடுதல் கேண்டி கிடைக்கும். எக்ஸ் டிராகன் வகை என்பதால், டிராகோனைட்டின் முதல் வடிவமான டிராடினியைப் பிடிக்கும்போதும் அந்தக் கூடுதல் வந்து சேரும். பின்னாளில் டிராகோனைட் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு எக்ஸ் ஒரு பாலம்.

இப்போது மறைந்திருக்கும் செலவுகள். முதல் முறை மெகா ஆக 200 மெகா சக்தி வேண்டும். அது பெரும்பாலும் மெகா ரெய்டில்தான் கிடைக்கும். மெகா ரெய்டைத் தனியாக வெல்வது மிகக் கடினம். உள்ளூரில் ஆள் இல்லை என்றால் தொலைவிலிருந்து சேரும் ரிமோட் பாஸ் வாங்க வேண்டும். 2023இல் விலையை ஏற்றியபின் ஒரு பாஸ் 195 நாணயம். ஜிம் என்னும் சண்டைக் களத்தில் போக்கிமானைக் காவலுக்கு நிறுத்தி ஒரு நாளில் அதிகபட்சம் 50 நாணயம் சம்பாதிக்கலாம் என்பதால், ஒரு பாஸுக்கு நான்கு நாள் உழைப்பு. அந்த முதல் 200ஐத் தாண்டிவிட்டால் பாரம் குறைந்துவிடும். இடைவெளி விட்டுக் காத்திருந்தால் மறுமுறை இலவசம், மெகா நிலை உயர உயரக் காத்திருக்கும் நாட்களும் குறையும், துணையாக நடத்தியும் சக்தி சேர்க்கலாம்.

பிளாஸ்ட் பர்ன் எப்போது பரிணாமம் செய்தாலும் கிடைத்துவிடாது. 2018 மே மாதச் சமூக நாள் என்னும் சிறப்பு நிகழ்வில் அறிமுகமான சிறப்புத் தாக்குதல் அது. அதற்கென நடக்கும் நிகழ்வில் பரிணாமம் செய்ய வேண்டும், இல்லையேல் தாக்குதலை மாற்றித் தரும் டிஎம் என்ற பொருளில் அரிதான வகையான எலைட் டிஎம் ஒன்றைச் செலவழிக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில் பொத்தானை அழுத்திவிட்டால் ஓவர்ஹீட்டோடு காலம் தள்ள வேண்டியதுதான். ஓவர்ஹீட் மோசமில்லை, ஆனாலும் பிளாஸ்ட் பர்னுக்கு ஈடாகாது.

வானிலையில் நமக்கு இது நல்ல பொருத்தம். மாசியில் தொடங்கிக் கத்திரி முடியும்வரை டெல்டாவில் வெயிலுக்குக் குறைவில்லை. வெயில் நெருப்புத் தாக்குதலுக்கு வலு. சிக்கல் அரைகுறை மேகத்தில் இருக்கிறது. வானத்தில் பாதி மேகமும் பாதி நீலமுமாக நிற்கும் அந்த நாட்களில் விளையாட்டு பாறை வகைக்கு வலுக் கொடுக்கும். பாறை சாரிசார்டுக்கு (ஒய் வடிவத்துக்கும்) இரட்டைப் பலவீனம். 2.56ஐ 1.2ஆல் பெருக்கினால் மூன்று மடங்கைத் தாண்டுகிறது. பருவமழைக்கு முந்தைய வாரங்களில் நமக்கு அத்தகைய வானம் அடிக்கடி வாய்க்கும் என்பதால் இதை மனதில் வைத்துத்தான் எதிராளியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கியாரடோஸ்

நீர்நிலைகளை ஒட்டி மேஜிகார்ப் நிறையக் கிடைக்கும். ஆறும் வாய்க்காலும் குளமுமாக இருக்கும் நம் பகுதியில் இது பெரிய வசதி. மேட்டூரில் தண்ணீர் திறந்தார்களா, காவிரியில் மணல் மட்டும் தெரிகிறதா என்பதை விளையாட்டு பார்ப்பதில்லை. வறண்ட வைகாசியிலும் கரையோரம் மேஜிகார்ப் துள்ளும். மழை பெய்தால் நீர் வகைகள் இன்னும் கூடும். ஒன்றைப் பிடித்தால் 3 கேண்டி, பைனாப் பெர்ரி கொடுத்துப் பிடித்தால் 6. 400ஐ எட்ட ஏறத்தாழ 67 மீன்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட நேரங்களில் வெளியே போய்வந்தாலே பாதி சேர்ந்துவிடும்.

ஆனால் சேர்த்து முடித்தபின் கிடைப்பது என்ன? சாதாரண கியாரடோஸ் ரெய்டுகளில் முதல் வரிசைக்கு வராது. நீர்த் தாக்குதலுக்குக் கயோகர் இருக்கிறது, வேறு பலவும் இருக்கின்றன. அதோடு மழை இதற்கு இருபுறமும் கூரான கத்தி: நீருக்கு வலுக் கொடுக்கும் அதே மழை மின்சாரத்துக்கும் வலுக் கொடுக்கிறது. மின்சாரம்தான் இதன் இரட்டைப் பலவீனம். ஆண்டு மழையின் பெரும்பங்கை வடகிழக்குப் பருவத்தில் பெறும் நம் பகுதியில், தனக்கு உகந்த பருவத்திலேயே இது எளிதில் விழும் வாய்ப்பும் இருக்கிறது.

மெகா கியாரடோஸ் கதை வேறு. அது நீரும் இருளும் ஆனது. மின்சாரத்திடம் ஒற்றைப் பலவீனம் மட்டுமே மிஞ்சும். பைட், கிரஞ்ச் என்ற இருள் தாக்குதல்களோடு மியூடூ, லூகியா போன்ற மனவலிமை வகைகளை நன்றாக எதிர்கொள்ளும். இருள் வகைக்கு வலுக் கொடுப்பது மூடுபனி. மார்கழி, தை விடியற்காலைகளில் டெல்டா முழுக்கப் பனி மூடிக் கிடக்கும்போது, திருப்பாவைக்குக் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு ரெய்டு கிடைத்தால் இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. ஒரு எச்சரிக்கை: சில மியூடூக்கள் ஃபோக்கஸ் பிளாஸ்ட் என்ற சண்டை வகைத் தாக்குதலை வைத்திருக்கும். சாதாரண கியாரடோஸ் அதைத் தாங்கும்; மெகா வடிவம் தாங்காது.

டிராகோனைட்

மெகாவை நம்பாமல் தன் சொந்தக் காலில் நிற்கும் வலிமை இதற்குத்தான் உண்டு. 263 என்ற தாக்குதல் திறனோடு டிராகன் டெயில், அவுட்ரேஜ் இருந்தாலே போதும். இரண்டுக்கும் சிறப்பு நிகழ்வு எதுவும் வேண்டாம், சாதாரண டிஎம்மில் கிடைக்கும். 2018 பிப்ரவரிச் சமூக நாளின் டிராகோ மீட்டியர் இருந்தால் சிறப்பு, இல்லாவிட்டால் குறையில்லை.

விலைதான் கசக்கிறது. டிராடினி அரிது. துணையாக நடத்தினால் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு கேண்டி. இரண்டாம் தாக்குதலுக்கு மற்ற இரண்டையும்போல ஏழரை மடங்கு ஸ்டார்டஸ்ட். இதைப் பரிணாமம் செய்தபிறகு பார்த்துத் திகைப்பவர்கள் ஏராளம். ரெய்டுக்கு மட்டும் என்றால் இரண்டாம் தாக்குதல் தேவையே இல்லை என்று முடிவெடுத்துவிடலாம். அப்போது 191 கேண்டியும் 75,000 ஸ்டார்டஸ்டும் போதும், நடை 955 கிலோமீட்டராகக் குறையும். நான் அப்படித்தான் செய்யச் சொல்வேன்.

இதன் மிகப் பெரிய பலவீனம் பனி. அங்கேதான் டெல்டாக்காரர்களுக்கு யாரும் சொல்லாத ஒரு சாதகம் இருக்கிறது. பனித் தாக்குதலுக்கு வலுக் கொடுப்பது பனிப்பொழிவு மட்டுமே. தஞ்சாவூரில் மார்கழிப் பனி உண்டு, ஆனால் வெண்பனி பொழியப் போவதில்லை. சாரிசார்டின் ஓட்டையையும் கியாரடோஸின் ஓட்டையையும் நம் வானம் ஆண்டில் பல வாரங்கள் பெரிதாக்குகிறது. டிராகோனைட்டின் ஓட்டையை மட்டும் ஒருநாளும் பெரிதாக்காது. மேகமூட்ட நாளில் தேவதை வகைக்கும், அரைகுறை மேகத்தில் பாறைக்கும் வலுக் கிடைப்பது இதற்கும் தொல்லைதான். ஆனால் அவை ஒற்றைப் பலவீனங்கள்.

ஆடிக் காற்று இதன் பருவம். காற்று பலமாக வீசினால் டிராகன், பறத்தல் இரண்டுக்கும் ஒருசேர வலு. ரேகுவாசா, சாலமென்ஸ் போன்றவற்றை எதிர்க்க அதுதான் நேரம். டிராகன்கள் டிராகனிடமே பலவீனம் என்பதால் எதிராளியின் அடியும் அதே அளவு கூடும், குணமாக்கும் மருந்துகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே தென்னை மட்டை பறக்கும்போது விளையாட்டு ‘தெளிந்த வானம்’ என்று காட்டுவதும் நடக்கும். அது முன்கணிப்பை வைத்து மணிக்கொரு முறை மாறுகிறது, நம் ஜன்னலைப் பார்த்து மாறுவதில்லை. ரெய்டு தொடங்கும் முன் திரையின் மேல் மூலையில் இருக்கும் வானிலைக் குறியைப் பாருங்கள்.

யாருக்கு எது

வாரம் ஒரு முறையாவது கூடிப் பேசும் நான்கைந்து பேர் கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி போன்ற ஊரில் இருந்தால் சாரிசார்டை வளர்க்கலாம். மெகா ஒய்யை இலக்காக வைத்து. குழுவில் ஏற்கெனவே ஒருவரிடம் ஒய் இருந்தால் நீங்கள் இன்னொன்றை வளர்ப்பது வீண். அவருக்கு எடுபிடியாக நெருப்புத் தாக்குதல் உள்ள வேறு ஒன்றைக் கொண்டுபோங்கள், 30 சதவீதம் உங்களுக்கும் கிடைக்கும்.

உடன் ஆட ஆள் இல்லை, ஊரில் ஒரு ஜிம்தான், ஆனால் தினமும் நடக்கிறீர்கள் என்றால் டிராகோனைட். வீட்டில் ஒரே கைபேசி, அது அப்பாவின் சட்டைப்பையில் இருக்கும் என்பவர்களுக்கும் இதையே சொல்வேன். அட்வென்ச்சர் சிங்க்கை இயக்கிவைத்தால் விளையாட்டு மூடியிருக்கும்போதும் நடை கணக்கில் ஏறும். அப்பா விடிகாலையில் மடை பார்க்க வயலுக்குப் போய்வரும் நடை டிராடினிக்குச் சேரட்டும். அவரிடம் சொல்லி அனுமதி பெற்றபின் செய்யுங்கள். பேட்டரி சற்று வேகமாகக் குறையும்.

இப்போதுதான் தொடங்கியிருக்கும் பள்ளிப் பிள்ளைக்கு, ஸ்டார்டஸ்ட் மிகக் குறைவாக இருப்பவருக்கு, கியாரடோஸ். பரிணாமம் செய்ததும் கையில் பெரிய ஒன்று நிற்கும் மகிழ்ச்சி மற்ற இரண்டையும்விட விரைவில் கிடைக்கும். ஜிம்மில் நிறுத்தவும் ஆகும். அதற்கு மேல் ஸ்டார்டஸ்டைக் கொட்ட வேண்டாம். மீன் பிடிக்கிறோம் என்று கைபேசியைப் பார்த்தபடி ஆற்றுப்படியில் இறங்க வேண்டாம் என்பதைப் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவைக்க வேண்டும். கரையில் நின்றாலே திரையில் தெரியும்.

என்னைப் பொறுத்தவரை, நம் பகுதியில் தனியாக ஆடுபவர்களே அதிகம் என்பதால் பெரும்பாலானவர்களுக்கு டிராகோனைட்டைத்தான் பரிந்துரைப்பேன். சாரிசார்டின் மீது எனக்கு இருக்கும் பிரியம் குறைவில்லை. ஆனால் மெகா இல்லாத சாரிசார்டை 30ஆம் நிலைவரை ஏற்றிவிட்டு, மெகா சக்திக்கு வழியில்லாமல் மாதக்கணக்கில் வைத்திருப்பது அந்தப் பிரியத்துக்குச் செய்யும் நியாயம் இல்லை.

ஏற்கெனவே சாரிசார்டின் முதல் வடிவமான சார்மாண்டர் நல்லதாக ஒன்று வைத்திருந்து மனம் அதிலேயே நிற்கிறது என்றால், 25 கேண்டி செலவழித்து இடை வடிவமான சார்மீலியன் ஆக்கி அங்கேயே நிறுத்திவையுங்கள். மீதி 100 கேண்டியைச் சேர்த்துக்கொண்டு, பிளாஸ்ட் பர்ன் கிடைக்கும் நிகழ்வு அறிவிக்கப்படும்வரை காத்திருங்கள். நிகழ்வு நேரம் முடியும் முன் பரிணாமப் பொத்தானை அழுத்தினால் எலைட் டிஎம் மிச்சம்.